மலைக்கு அந்தப் பக்கத்துச் சேதி

வருடத்தில் ஒரே ஒரு நாள் திறக்கிற கோயிலுக்குப் போவதென்றால் மீதி நாள் எல்லாம் அதற்குத் திட்டம் போடலாம். என் அம்மா அப்படித்தான் போட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கூடலூரில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் மங்கலதேவி மலை தெரியும். உச்சியில் கோயில் இருக்கிறது என்று சொல்வார்களே ஒழிய, கீழிருந்து பார்த்தால் பச்சையும் நீலமுமாக மலைதான் தெரியும். கோயில் இருப்பது இரண்டு மாநில எல்லையில். சித்ரா பௌர்ணமி அன்று காலையில் விடுவார்கள், சாயங்காலம் விசில் ஊதி இறக்கிவிடுவார்கள். நம் ஆட்கள் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து ஏறுவார்கள். மலையாளத்து ஆட்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் வருவார்கள். மேலே இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்து நிற்கும்.

இந்தக் கடைசி விஷயத்தை வைத்துத்தான் எங்கள் அத்தை ஒரு திட்டம் போட்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தாள்.

அப்பா அப்போது வீட்டில் இல்லை. குமுளிக்கு அப்பால் ஒரு ஏலத் தோட்டத்தில் காவலுக்கு இருந்தார். போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் போன காரணத்தைக் கேட்டால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். மயிலாடும்பாறையில் மாமா வீட்டுக் காதுகுத்து. அம்மா பிறந்த ஊர் அது. அங்கே அப்பாவை முதல் பந்தியில் உட்காரச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டாம் பந்திக்குக் கூப்பிட்டபோது அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, "கெளம்பு" என்றார். அம்மா, "விசேசம் முடியட்டும், வாரேன்" என்றாள். அவர் கிளம்பிவிட்டார். அம்மா அண்ணன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. சாவி அத்தையிடம் இருந்தது. "மலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு அரிசியும் சாமானும் தோட்டத்து ஜீப்பில் வந்தன. அவர் வரவில்லை. அம்மாவும் போகவில்லை. "அவுகதான போனாக, அவுகதான் வரணும்" என்பாள் அம்மா. "அவதான பின்னாடி வாரேன்னா, அவ வரட்டும்" என்று அங்கிருந்து அவரும் சொன்னதாக ஜீப்பில் போய்வருகிற பெண்கள் சொல்வார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். முதலில் படி ஏறுவது யார் என்பதுதான் பிரச்சினை.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அத்தை வந்து, முறத்தில் கிடந்த மொச்சையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏ ஆத்தா, நீ அவன் இருக்க எடத்துக்குப் போக வேண்டாம். அவன் இங்கன வர வேண்டாம். சித்ரா பௌர்ணமிக்கு நீ இந்தப் பக்கமா மலை ஏறு. அவன் அந்தப் பக்கமா ஏறட்டும். ரெண்டு பேரும் சாமி கும்பிட வந்தவுக. யாரு யாரைத் தேடி வந்தாகன்னு எவன் கேப்பான்?"

அம்மா மொச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த அம்மனே புருசன் இல்லாம அழுதுகிட்டு மலை ஏறுனவதான். புருசன் வந்து கூட்டிட்டுப் போகலியா?"

"வானத்துக்குல்ல மதினி கூட்டிட்டுப் போனாக."

"நீ கூடலூருக்கு வந்து சேரு, போதும்" என்றாள் அத்தை. அம்மா சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே மலைப் பேச்சுதான். அம்மா அதுவரை அந்த மலையில் ஏறியதில்லை. போய் வந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்பாள். முதல் நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, எந்த இடத்தில் செங்குத்து, செருப்போடு ஏறலாமா. யானை வருமா என்று மட்டும் கேட்கமாட்டாள். யாராவது அதைச் சொல்ல வந்தால் பேச்சை மாற்றிவிடுவாள். கால் பழக வேண்டும் என்று பக்கத்துக் குழாயை விட்டுவிட்டு, மேட்டுத் தெருக் குழாய்க்குப் போய்க் குடம் சுமந்து வந்தாள். அங்கே நிற்கிற பெண்கள் கிண்டல் செய்தார்கள்.

"ஏன், ஒங்க தெருக் குழாய்ல தண்ணி வரலியா?"

"வருது. இங்கனதான் இனிப்பா இருக்கு."

"இருக்கும் இருக்கும். சித்திரை பொறக்கட்டும், இன்னும் இனிக்கும்."

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடப்பாள். ஆனால் மறுநாளும் அதே குழாய்க்குத்தான் போவாள்.

பங்குனி பாதியிலேயே வீட்டில் கவிச்சியை நிறுத்திவிட்டாள். அம்மனுக்கென்று வளையலும் மஞ்சளும் வாங்கி ஒரு மஞ்சள் பையில் கட்டி, கூடத்து ஆணியில் மாட்டினாள். கட்டிக்கொள்ள ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து வைத்தாள். அரக்கு நிறம். அப்பா எடுத்துக் கொடுத்தது.

"மலை ஏறக் கட்டுற சேலையா இது? முள்ளு இழுத்துரும்" என்றாள் அத்தை.

"இழுத்தா இழுக்கட்டும் மதினி."

எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. நான் வாய் திறக்காத பிள்ளை. கடைக்கு அனுப்பினால் கடைக்காரர் தானாகக் கேட்கும் வரை நின்றுகொண்டிருப்பேன். ஒரு சேதி சொல்லி அனுப்பினால் பாதியைக் கேட்டுவிட்டு, மீதியைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். "அரைக் காது" என்று வீட்டில் எனக்குப் பெயர். அதனால் அப்பாவைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று முன்கூட்டியே மூன்று வாக்கியங்கள் யோசித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. நான் வாய்ப்பாடு பதினாறு வரை சொல்வேன். மூன்றாவது, வீட்டுக்கு வாங்கப்பா. முதல் இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவதை மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு விஷயம் சொல்லி அனுப்பியாகிவிட்டது. தோட்டத்து ஜீப் தினமும் விடியலில் கூடலூருக்கு வந்து பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொண்டுவந்து இறக்கும். அதை ஓட்டியவர் ஒரு மலையாளி. நாங்கள் சேட்டன் என்போம். அத்தைதான் அவரிடம் சொல்லி அனுப்பினாள். பதிலை அவர் பௌர்ணமிக்குள் கொண்டு வருவதாகப் பேச்சு.

மலையாளம் எங்களுக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லைக்குப் பக்கத்து ஊர் இல்லையா. உண்மையில் தோட்டத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு பத்துச் சொல் தெரியும். அந்தப் பத்தும் தமிழ் மாதிரியே இருந்ததால் தெரிந்தது. மயிலாடும்பாறையிலிருந்து வந்த என் அம்மாவுக்கு அந்தப் பத்தும் தெரியாது.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. அத்தை காமயகவுண்டன்பட்டிக்குத் திராட்சை பறிக்கப் போயிருந்தாள். இருட்டிய பிறகுதான் பஸ் பிடித்து வருவாள். ஐந்து மணி ஆனதும் அம்மா நிலைகொள்ளாமல் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். ஜீப் நிற்கிற இடத்துக்கு அவளே போனால், புருசன் வருகிறானா என்று கேட்க வந்துவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்கள். என்னைக் கூப்பிட்டாள்.

"ஜீப்பு வந்திருக்கும். சேட்டன்ட்டப் போயி, எங்க அப்பா என்ன சொன்னாகன்னு கேளு. முழுசாக் கேட்டுட்டு வா. பாதியில ஓடி வந்துறாத."

நான் போனபோது ஜீப் பாலத்து ஓரம் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சேட்டன் எஞ்சினை அணைக்கவில்லை. நான் அவர் பக்கத்துக் கதவின் கீழே போய் நின்றேன். வழக்கம்போல வாய் வரவில்லை.

"யாரு மக இது? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கு?" என்றாள் ஒரு பெண்.

"நம்ம காவக்காரரு மகடி. அவரே அளந்துதான் பேசுவாரு. இது அதையும் அளக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சேட்டனுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. தலையை வெளியே நீட்டி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மோளே, அம்மயோடு பறயணம். அச்சனு பனியாணு. சம்சாரமே இல்லா. என்னாலும் வரும். கேட்டோ?"

கேட்டோ என்றால் கேட்டதா என்று அர்த்தம். அது என் பத்துச் சொல்லில் ஒன்று. தலையை ஆட்டினேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வரும் வழியெல்லாம் மூன்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்று கூடத் தவறவில்லை. அங்கே மலையில் பனி. அது எந்நாளும் வரும். அப்பாவுக்குச் சம்சாரமே இல்லை. சம்சாரம் என்றால் பெண்டாட்டி என்று எனக்குத் தெரியும். பனியில் கிடக்கிறேன், பெண்டாட்டி இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார், இதைக் கேட்டால் அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா மலைக்கு எடுத்துப்போகிற புளிச்சோற்றுக்காகப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். அங்கிட்டுப் பனியாம்மா. எந்நாளும் வருமாம்."

"சித்திரையிலயா பனி?"

"மலைல்ல."

"சரி. வேற என்ன சொன்னாக?"

"சம்சாரம் இல்லையாம்."

அம்மாவின் கை நின்றது. "யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"சம்சாரம் இல்லைன்னா?"

"ஆமா. சம்சாரமே இல்லான்னு சொன்னாரு."

"ஜீப்பு சத்தத்துல நல்லாக் கேட்டியா? அரைக் காதாக் கேட்டுட்டு வந்து ஒளறாத."

அந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கியிருக்கலாம். சத்தமாக இருந்தது, மறுபடி வேண்டுமானால் கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சேதியை முழுசாகக் கொண்டுவந்திருக்கிறேன். அதில் போய்ச் சந்தேகப்படுகிறாளே என்று கோபம் வந்தது.

"சத்தியமா அதையேதான் சொன்னாரு. என்னை அம்மாட்டச் சொல்லச் சொன்னாரு."

அம்மா புளியைப் பார்த்தாள். ஒரு கொட்டையை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். வெகுநேரம் கழித்து, "இத யாருட்டயும் சொல்லாத. அத்தைட்டயும் சொல்லாத" என்றாள்.

இருட்டிய பிறகு அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். "என்ன, சேதி வந்துச்சா?"

"ஜீப்பு இன்னைக்கு வரலை போல மதினி."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"வராட்டி என்ன? அவன் சொல்லாமலே வருவான் பாரு" என்றாள் அத்தை.

மறுநாளும் அம்மா வேலைகளைச் செய்தாள். ஆனால் தண்ணீருக்கு எங்கள் தெருக் குழாய்க்கே போனாள். பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் அத்தை வாழை இலையோடு வந்தபோது, அம்மா கொல்லைப்புறச் சாய்ப்பில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டும் ஒரு சொம்பும்.

"கிட்ட வராதீக மதினி. நான் ஒதுங்கிட்டேன்."

அத்தை இலையைக் கீழே போட்டாள். "அட பாவி மகளே! இன்னைக்கா? ஒரு நாள் பிந்தி வந்தா என்ன கேடு அதுக்கு?"

"நான் என்ன செய்ய?"

"பத்து பதினஞ்சு நாளைக்கு முன்னாடிதான தலைக்கு ஊத்துன?"

"நாள் தப்பி வந்துருச்சு."

இந்த ஒரு காரணத்தை மட்டும் எந்தப் பெண்ணும் இன்னொரு பெண்ணிடம் நிரூபிக்கச் சொல்ல முடியாது. தீட்டோடு அந்த மலையில் கால் வைக்கச் சொல்லவும் முடியாது. அத்தை கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் போறேன். பக்கத்து வீட்டுக்காரிகளோட போறேன். அவன் வந்து நிப்பான்ல, அவனுக்கு யாராவது சொல்லணும்ல?"

"வரமாட்டாக" என்றாள் அம்மா.

"ஒனக்கு யாரு சொன்னா?"

அம்மா சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள்.

நான் அத்தையோடு போகிறேன் என்று அழுதேன். அம்மா விடவில்லை. "எனக்குத் தண்ணி எடுத்துத் தர, கஞ்சி வச்சுத் தர யாரு இருக்கா?" என்றாள். அத்தை எங்கள் அடுப்பிலேயே சோறு வடித்து, அம்மா காய்ச்சி வைத்திருந்த புளியைக் கிளறி, பொட்டலம் கட்டினாள். அம்மனுக்கு வாங்கிய பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை பளியன்குடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க நான் கொல்லையில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக உற்றுப் பார்த்தால் மேலே புள்ளி புள்ளியாக ஆள் ஊர்வது தெரிகிற மாதிரி இருந்தது. அவற்றில் ஒரு புள்ளியை அப்பா என்று வைத்துக்கொண்டேன். அது நகரவே இல்லை, மரம் என்று தெரிந்தது. வேறு புள்ளியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் நான் கஞ்சியை எட்ட நின்று ஊற்றினேன். பாதி குடித்துவிட்டு, "வெயிலு எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

"தலைக்கு மேல."

"மேல இப்ப கூட்டமா இருக்கும்."

"ஆமா."

"கொஞ்சம் நெழல் இருக்கும்னு சொன்னாக" என்றாள். யாருக்கு நிழல் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை வந்தாள். கால் வீங்கியிருந்தது. சாய்ப்புக்கு எதிரே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேயே வந்து நிக்கான்" என்றாள்.

அம்மா திரும்பினாள்.

"ஒடம்பெல்லாம் நெருப்பாக் காயுது. கழுத்துல துணியச் சுத்திக்கிட்டு ஒரு கல்லு மேல ஒக்காந்திருக்கான். தொண்டை அடைச்சுப் பேச்சே போயிருச்சு ஆத்தா. வாயத் தொறந்தா வெறுங்காத்துதான் வருது. என்னையப் பாத்தான். எனக்குப் பின்னாடி பாத்தான். பாத்துக்கிட்டே இருந்தான். நான் என்னத்தச் சொல்ல? ஒதுங்கிட்டான்னு சொன்னேன். நம்பல. குச்சிய எடுத்து மண்ணுல 'வரமாட்டேன்னுட்டாளா'ன்னு எழுதுறான். இல்லடான்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனேன். அப்புறம் கையை இப்படி இப்படிச் சுத்திச் சுத்திக் காமிக்கான்." அத்தை இரண்டு கைகளாலும் வண்டி ஓட்டுகிற மாதிரிச் செய்து காட்டினாள். "ஊமை மாதிரி. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. ஜீப்புல வந்தேன்னு சொல்றான் போலன்னு நெனச்சேன்."

அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளிச்சோத்தக் குடுத்தேன். ஒரு வாய் எடுத்து வச்சான், முழுங்க முடியல. கட்டி மடியில வச்சுக்கிட்டான். போலீஸ்காரக விசில் ஊதுற வரைக்கும் பாதையப் பாத்துக்கிட்டுத்தான் நின்னான். எங்கள இந்தப் பக்கம் பத்துனாக. அவன அந்தப் பக்கம் பத்துனாக."

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனாள்.

அந்தத் தோட்டத்திலிருந்து அப்பா அடுத்த மாதமே கிளம்பிவிட்டார். இன்னும் உள்ளே, ஜீப் வராத ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அத்தை இரண்டு தடவை தேடிப் போய்ப் பார்க்க முடியாமல் திரும்பினாள். மூன்றாவது தடவை கூட்டிக்கொண்டு வந்தாள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் இரண்டு பழசாகிப் போயிருந்தன. குட்டிகளை விற்றாகிவிட்டது, வாய்ப்பாடு எல்லோருக்கும்தான் தெரியும். மூன்றாவதுக்கு இனி வேலை இல்லை. அதனால் அவர் வந்த அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை இல்லாமல்தான் இருந்தார்கள். அப்பா தினமும் சாப்பிட்டு முடித்ததும் அம்மா சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்பார். அம்மா பக்கத்திலேயே இருப்பாள். ஒவ்வொரு சித்திரையிலும் ஊரே மலைக்குக் கிளம்பும். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். அப்பா போய்ச் சேரும் வரை இருவரும் சேர்ந்து அந்தக் கோயிலுக்குப் போகவே இல்லை. இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். முழங்கால் போய்விட்டது. கொல்லைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்க்கிறாள்.

பத்தாவதில் தவறிய பிறகு நான் குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனேன். முதல் நாள் நாங்கள் பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்து, "சம்சாரம் வேண்டா, ஜோலி நோக்கு" என்று அதட்டினார். இவருக்குச் சம்சாரம் வேண்டாமென்றால் நம்மிடம் ஏன் சொல்கிறார் என்று நான் பக்கத்திலிருந்தவளைக் கேட்டேன். அவள் சிரித்துச் சிரித்து ஏலக்காய் முறத்தையே கவிழ்த்துவிட்டாள். பேச்சு வேண்டாம், வேலையைப் பார் என்று அர்த்தமாம். சம்சாரம் என்றால் அவர்களுக்குப் பேச்சு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கவிழ்ந்த ஏலக்காயைப் பொறுக்குகிற மாதிரி வெகுநேரம் குனிந்துகொண்டிருந்தேன்.

பனி என்றால் அங்கே காய்ச்சல் என்று அந்த வாரத்திலேயே தெரிந்தது. ஒருத்தியின் பிள்ளைக்குப் பனி என்றார்கள். நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். மூன்றாவது சொல் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. என்னாலும் என்றால் எந்நாளும் இல்லை. ஆனாலும் என்று அர்த்தம்.

உங்க அப்பாவுக்குக் காய்ச்சல். பேச்சே இல்லை. ஆனாலும் வருவார்.

இதைப் போய் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று பஸ் ஏறினேன். லோயர் கேம்ப் வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, எனக்கு அந்தப் பௌர்ணமிச் சாயங்காலம் முழுசாக நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்கு அத்தை எழுந்து போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கன வா. அந்தச் சேட்டன் சொன்னத அவரு சொன்ன மாதிரியே ஒரு தடவ சொல்லு. நம்ம பேச்சுல சொல்லாத. அவரு பேச்சுலயே சொல்லு."

நான் பயந்துகொண்டே, அவரைப் போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "அச்சனு பனியாணு. சம்சாரமே இல்லா. என்னாலும் வரும்."

அம்மாவின் உதடு அசைந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் அத்தை சொல்லிவிட்டுப் போனதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு மலையாளம் தெரியாது. ஆனால் காய்ச்சலோடு, பேச்சில்லாமல், வந்து நின்றவரை அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, தப்பாச் சொல்லிட்டேனா?"

அவள் என் தலையைத் தொடக் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டாள். தான் தீட்டு என்று சொல்லியிருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அத்தைக்கும் ஊருக்கும் சொன்ன நாள் கணக்கை அவள் சாய்ப்பிலேயே இருந்து முடித்தாக வேண்டும்.

"இல்ல. நீ சரியாத்தான் சொல்லிருக்க. ஒரு சொல்லு விடாமச் சொல்லிருக்க. போயிச் சாப்பிடு."

அரைக் காது என்ற பெயர் அன்றோடு போனது என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அத்தை எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த புளிச்சோற்றை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

நாள் முடிந்து அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். ஈரக் கூந்தலோடு என்னை இழுத்து மடியில் சாய்த்து, என் தலையில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. பேன் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தேன்.